இழை: ‘செயற்கை இனிப்பூட்டி’ என்ற சொல் போதுமா?

ஈரோடு (உணவியல்):

குழுவினருக்கு வணக்கம். எடை குறைக்க முயல்பவர்களுக்கான பானக் கையேட்டின் சொற்பட்டியல் ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. ஆர்ட்டிஃபீஷியல் ஸ்வீட்னரை ‘செயற்கை இனிப்பூட்டி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். பட்டியலில் ஸ்டீவியா வந்ததும் அது பொருந்தவில்லை, ஸ்டீவியா இலையிலிருந்து எடுப்பது. ‘கலோரியில்லா இனிப்பூட்டி’ என்று மாற்றினால் ஆலையில் செய்கிற அஸ்பார்டேம் என்ற இனிப்பு இடிக்கிறது. அதற்குக் கிராமுக்கு 4 கலோரி, சர்க்கரைக்கும் அதே 4.

‘சர்க்கரையில்லா’ என்பது நம் பக்கத்தில் இன்னும் மோசம். வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்று பிரித்துச் சொல்கிற வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. “அஸ்காவே போடறதில்லீங்க, நாட்டுச்சக்கரைதான்” என்பவர் சர்க்கரையை விட்டுவிட்டதாகவே நினைக்கிறார். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் அஸ்காவும் கலோரிக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். நாளுக்கு மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராம், 120 கலோரி.

ஸ்டீவியாவைச் சீனித்துளசி என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. அது சூரியகாந்திக் குடும்பச் செடி, துளசிக்கு உறவே இல்லை. இருந்தாலும் நாற்றுப்பண்ணை வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது, அதை விட்டுவிடலாம். மேலே சொன்ன சொல்லுக்கு வழி சொல்லுங்கள்.

கோயம்புத்தூர் (உணவு வேதியியல்):

எங்கிருந்து வந்தது, எத்தனை கலோரி என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு போடுகிறோம் என்பதை வைத்துப் பெயரிடுவோம். ஒரு டம்ளருக்குச் சிட்டிகை போதுமா, ஸ்பூன் கணக்கா என்பதுதான் குடிப்பவருக்குத் தெரிய வேண்டியது.

சர்க்கரையோடு ஒப்பிட்டால் அஸ்பார்டேமும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் சுமார் 200 மடங்கு இனிப்பு. சாக்கரின் 300 முதல் 400, சுக்ரலோஸ் சுமார் 600. ஸ்டீவியாவின் கிளைகோசைடுகள் (இலையில் உள்ள இனிப்புச் சேர்மங்கள்) 200 முதல் 300. அஸ்பார்டேமுக்குக் கலோரி இருந்தும் கணக்கில் வராததற்குக் காரணம் இதுதான்: 20 கிராம் சர்க்கரை செய்வதை அது 100 மில்லிகிராமில் செய்துவிடுகிறது, அரைக் கலோரிகூட ஆகாது.

ஆகவே என் முன்மொழிவு ‘செறிவினிப்பூட்டி’. சார்பிட்டால், மால்டிட்டால், எரித்ரிட்டால் போல ஸ்பூன் கணக்கில் போடவேண்டியவை ‘பரும இனிப்பூட்டி’.

பொள்ளாச்சி (தமிழ் கற்பித்தல்):

கோவை ஐயாவின் பிரிப்பு சரி, சொல் கொஞ்சம் நீளம். ‘வெற்றினிப்பு’ என்று ஒன்று தோன்றியது. வெறுமை + இனிப்பு, உள்ளே உணவு இல்லாத இனிப்பு. ஆனால் அச்சில் பார்த்தால் ‘வெற்றி’ முந்திக்கொண்டு கண்ணில் படுகிறது. எடை குறைக்கிறவர் கையில் வெற்றியினிப்பு என்று எழுதிய டப்பாவைக் கொடுத்தால் விளம்பரக்காரருக்குத்தான் கொண்டாட்டம். நானே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

‘இனிப்பி’, ‘இனிப்பான்’ இரண்டும் சுருக்கம்தான். ஆனால் பாடநூல்களில் சுவையூட்டி, நிறமூட்டி, மணமூட்டி என்று ஒரு வரிசை இருக்கிறது. இதை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்துவானேன்? (நீலகிரி நண்பர்கள் ‘ஊட்டி’யைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) புணர்ச்சியிலும் குறையில்லை. கதவு + அழகு ‘கதவழகு’ ஆவதுபோல செறிவு + இனிப்பூட்டி ‘செறிவினிப்பூட்டி’ ஆகும், இடையில் வகர உடம்படுமெய் தேவையில்லை.

கோபி (சர்பத், சோடா தயாரிப்பு):

பெயர் எதுவானாலும் சரிங்க, 600 மடங்கு என்ற எண்ணைக் கையேட்டில் தனியாக விடாதீங்க. அதை அப்படியே நம்பிக் கலக்கினால் முதல் கலவையே கெடும்.

200 மில்லி எலுமிச்சை ஜூஸுக்கு 20 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். 600-ஆல் வகுத்தால் சுக்ரலோஸ் 33 மில்லிகிராம். வீட்டுத் தராசில் இது நிற்காது. ஸ்பூன் முனையில் எடுத்தால் ஐந்தாறு மடங்கு விழுந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான பொடி 1 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்துவிட்டால் மில்லிக்கு 10 மில்லிகிராம். டம்ளருக்கு மூன்றரை மில்லியில் தொடங்கி நாக்குப் பார்த்து ஏற்றலாம். நீர்த்த கரைசலில் அளந்த மடங்குதான் அந்த 600. ஜூஸ் அளவு இனிப்புக்கு வரும்போது மடங்கு குறைகிறது, அதனால் கணக்கைவிடச் சற்றுக் கூடவே பிடிக்கும். கரைசலை ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மொத்தமாகக் கலக்கும்போது பலரும் தவறுவது தண்ணீரில். ஒரு கிலோ சர்க்கரை கரைந்தால் 600 மில்லிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். அதை எடுத்துவிட்டு 1.7 கிராம் சுக்ரலோஸ் போட்டால் அந்த இடம் காலி. அவ்வளவு தண்ணீரைக் கூட்டாவிட்டால் புளிப்பும் எசன்ஸும் தூக்கலாகிவிடும், “கெமிக்கல் வாடை அடிக்குது” என்று பழி இனிப்பின் மேல் விழும். தண்ணீரைச் சரிசெய்த பிறகும் வாயில் அந்தக் கனம் வராது. சர்க்கரை தந்த கெட்டித்தன்மை போனது போனதுதான்.

நன்னாரி சர்பத்தில் கெடுவதே வேறு. நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருக்கிற பாகு வெளியிலேயே கெடாமல் நிற்கும், பூஞ்சைக்கு வேண்டிய தண்ணீரைச் சர்க்கரை விட்டுக்கொடுக்காது. சர்க்கரை இல்லாத நன்னாரி வெறும் கஷாயம்தான். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பேற்றி, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் சோடியம் பென்சோயேட் போட வேண்டும். புளிப்பில்லாத இடத்தில் பென்சோயேட் வேலை செய்யாது.

கோயம்புத்தூர்:

அண்ணா சொன்ன மடங்குக் குறிப்பைச் சொல்விளக்கத்திலேயே சேர்க்கலாம். கூடவே சூட்டைப் பற்றியும்.

அஸ்பார்டேம் கொதியில் சிதைந்து இனிப்பை இழக்கும். டம்ளரில் ஊற்றிய டீயில் போட்டு உடனே குடித்தால் இழப்பு பெரிதில்லை. பால் சட்டியிலேயே போட்டு மணிக்கணக்கில் சூட்டில் வைத்தால் கடைசி டம்ளர் சப்பென்று இருக்கும். அது நிலைத்து நிற்பது பிஎச் (புளிப்பின் அளவு) 4.3-ஐ ஒட்டி. அதைவிடப் புளித்த எலுமிச்சைச் சோடாவைப் பல மாதம் வெயிலில் அடுக்கி வைத்தாலும் இனிப்பு இறங்கும். சுக்ரலோஸ், சாக்கரின், அசிசல்ஃபேம் மூன்றும் சூடு தாங்குபவை. பின்னிரண்டும் நாக்கில் கசப்பை விட்டுப் போகும், அதனால்தான் பாட்டில்காரர்கள் இரண்டு மூன்றைக் கலந்து போடுகிறார்கள். லேபிளில் 950, 951, 954, 955, 960 என்ற எண்களைத் தேடச் சொல்லுங்கள். வரிசையாக அசிசல்ஃபேம், அஸ்பார்டேம், சாக்கரின், சுக்ரலோஸ், ஸ்டீவியா.

பரும இனிப்பூட்டிகளைப் பற்றி ஒன்று. சார்பிட்டால் போன்றவற்றுக்குப் பொதுப்பெயரான ‘சுகர் ஆல்கஹாலை’ எங்கோ ‘சர்க்கரைச் சாராயம்’ என்று பெயர்த்திருந்தார்கள். சாராயம் என்ற சொல்லை லேபிளில் போட்டுவிட்டு ஊரில் விற்க முடியாது, பாலியால் என்றே இருக்கட்டும். சார்பிட்டால் கிராமுக்கு 2.6 கலோரி, எரித்ரிட்டால் 0.2. சார்பிட்டால் 20 கிராமைத் தாண்டினால் பலருக்கு வயிறு கலக்கும். எரித்ரிட்டாலின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் அவ்வளவு தொல்லை இல்லை.

பொள்ளாச்சி:

ஒரு ஐயம். ‘செறிவு’ என்றால் மருந்துபோல வீரியம் என்று படித்து, எடையைக் கரைக்கும் பொருள் என்று யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

ஈரோடு:

எடுத்துக்கொள்வார்கள், அம்மணி. அதனால் விளக்கத்தில் அதை நேராக மறுத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதல், எடையைக் கட்டுக்குள் வைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் அதில் அடங்கவில்லை, பாலியால்களும் அடங்கவில்லை. குறுகிய காலச் சோதனைகளில் எடை கொஞ்சம் இறங்குகிறது. பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளிலோ இவற்றைக் குடிப்பவர்களிடம் எடை கூடுதலாகவே தெரிகிறது. எடை கூடியவர்களே இவற்றுக்கு மாறுகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் பரிந்துரையை நிபந்தனையோடுதான் வைத்தார்கள்.

300 மில்லி கோலாவில் 30 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை, 120 கலோரியைத் தாண்டும். அதன் இடத்தில் டயட் பாட்டில் வந்தால் அந்த 120 மிச்சம்தான். பக்கத்துத் தட்டில் தேங்காய் பன் வந்தால் மிச்சம் அங்கேயே போய்விடும். டீயில் சர்க்கரை போனாலும் பாலின் கலோரி அப்படியே இருக்கும். இளநீர், மோர், வரக்காப்பிக்கு இனிப்பே வேண்டியதில்லை. தெளுவு (பதநீர்) அப்படியில்லை, அது சர்க்கரை நீர்தான், தனியாகக் குறிக்க வேண்டும்.

புற்றுநோய்ப் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 2பி (புற்றுநோயை உண்டாக்கக்கூடும்) வகையில் சேர்த்தபோதும், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க உச்ச அளவு மாறவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். பினைல்கீட்டோனூரியா (பினைல்அலனினை உடலால் சிதைக்க முடியாத பிறவிக் குறை) உள்ளவர்களுக்கு அஸ்பார்டேம் ஆகாது, அந்த வரியை விடக்கூடாது.

கோபி:

சாஷே பொட்டலத்தையும் சேர்த்துடுங்க. ஒரு கிராம் பொட்டலத்தில் சுக்ரலோஸ் சில மில்லிகிராம்தான், மீதி மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ. அந்த மாவுக்கே கிட்டத்தட்ட 4 கலோரி. ஒன்றிரண்டுக்குப் பரவாயில்லை, ஒரு ஜாடி ஜூஸுக்குப் பத்துப் பிரித்துக் கொட்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த மாவுக்கு என்ன பெயருங்க?

ஈரோடு:

‘நிரப்பி’. மாத்திரைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பதிவு இப்படிப் போகிறது, திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்:

செறிவினிப்பூட்டி (பெ.): சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பதால் மில்லிகிராம் அளவிலேயே பானத்தை இனிப்பாக்கும் பொருள், இயற்கையாகவும் செயற்கையாகவும் கிடைப்பது. மடங்கு எண் நீர்த்த கரைசலில் அளந்தது. உடல் எடையைக் குறைக்கும் மருந்தன்று. காண்க: பரும இனிப்பூட்டி, பாலியால், நிரப்பி.