ஓரமாக நின்ற அந்த ஒரு புள்ளி

ஹெச்பிஏ1சி (ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை வைத்து இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை) பார்க்கிற புது மெஷினை கம்பெனி ஆள் மாட்டிவிட்டுப் போன மறுநாளே சரிபார்ப்பு வேலை என் தலையில் விழுந்தது. பழையது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து வரைபடமாகக் காட்டுகிற ஹெச்பிஎல்சி, புதியது ஆன்டிபாடியை வைத்து அளக்கிற இம்யூனோஅஸே. முதலில் அளவு தெரிந்த மாதிரியான கன்ட்ரோலை ஒரு நாளைக்கு 5 தடவை வீதம் 5 நாள் ஓட்டினேன். எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் சிவி 2 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் 40 பேரின் ரத்தத்தை (உறையாமலிருக்க இடிடிஏ சேர்த்தது) இரண்டு மெஷினிலும் போட்டேன். குறைவானது, நீரிழிவு எல்லையான 6.5ஐ ஒட்டியது, 10க்கு மேலானது எனப் பார்த்துப் பொறுக்கிய மாதிரிகள். இரண்டு மெஷினின் எண்களையும் கிராஃபில் போட்டால் 39 கோட்டோடு ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் பழையதில் 8.1, புதியதில் 6.6.

டியூபைச் சரியாகக் கலக்கவில்லையோ, ஆள் மாறிப்போச்சோ என்று திரும்ப ஓட்டினேன். அதே எண்கள். "ஒண்ணுதானே, அவுட்லையர்னு தூக்கிடு" என்றார் சீனியர். தூக்கியிருந்தால் கிராஃப் அழகாகத்தான் இருந்திருக்கும், ஆனால் மனசு வரவில்லை. அந்த ஆளின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 174, அதற்கு 6.6 ஒத்துப்போகிறதா என்ன? பழைய மெஷினின் தாளை எடுத்து எண்ணை விட்டுவிட்டு வரைபடத்தைப் பார்த்தால் (எண்ணை மட்டும் பார்ப்பது என் கெட்ட பழக்கம்), ஏ1சி சிகரத்துக்கு முன்னால் கருவிலிருக்கும்போது அதிகமாக இருக்கிற ஹீமோகுளோபின் எஃப் மலை மாதிரி நிற்கிறது, 20 சதவீதத்துக்குப் பக்கம். பெரியவர்களுக்கு வழக்கமாக 1 சதவீதம்கூட இருக்காது. ஆன்டிபாடி தேடுவது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் சர்க்கரை ஒட்டிய நுனியை, எஃப்பிலோ பீட்டா சங்கிலியே கிடையாது. ஆனால் வகுக்கிறபோது மொத்த ஹீமோகுளோபினில் அதுவும் சேர்ந்துவிடும், எண் இறங்காமல் என்ன செய்யும்! கன்ட்ரோலை 5 நாளல்ல, 50 நாள் ஓட்டியிருந்தாலும் இது மாட்டியிருக்காது. புள்ளியை அப்படியே விட்டு, காரணத்தை ரிப்போர்ட்டில் எழுதி, சந்தேகமான மாதிரிகளுக்குப் பழைய மெஷினையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன், நானும் லேபில்தான் வேலை. எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. ஒருவருக்கு இரண்டு மெஷினும் 5.2 என்று ஒரே குரலில் சொல்லின, வீட்டு குளுக்கோமீட்டரிலோ 200க்குக் கீழே இறங்கவே இல்லை. நான் மெஷின் மேல் பழி போட்டு இரண்டு தடவை கேலிபரேஷன் செய்ததுதான் மிச்சம். அவருக்குச் சிவப்பணு சீக்கிரம் உடைகிற ரத்தசோகை. சுமார் 120 நாள் ஓட வேண்டிய அணு பாதியிலேயே போய்விட்டால் சர்க்கரை ஒட்ட நேரம் ஏது? அளவு சரிதான், அவருக்கு அந்தப் பரிசோதனைதான் பொருந்தவில்லை. டாக்டர் ஃப்ரக்டோசமைன் (சிவப்பணுவை நம்பாமல் ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது) கேட்டுச் சீட்டு எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.