டெஸ்டிங் பிளக்: விங் நட்டுக்குக் கையா, ஸ்பேனரா?

வில்லாபுரம் பிளம்பர்:
"டிரெயின் பைப்பில் கசிவு டெஸ்ட் பண்ணும்போது வாயை அடைக்கிற பிளக் வாங்க யோசிக்கவே வேண்டாம். நாலு இன்ச் பிளக்கைச் செருகி விங் நட்டைக் கையால் இறுக்கினால் போதும்" என்று நேற்று ஒரு மகான் இங்கே அருளியிருக்கிறார். கையால் இறுக்க அது என்ன ஊறுகாய் பாட்டிலா? இரண்டு தகடு, நடுவில் ரப்பர். நட்டைத் திருகத் திருக ரப்பர் பிதுங்கி உள்சுவரைக் கவ்வும். அந்தக் கவ்வலுக்கு ஸ்பேனர்தான் வேண்டும்.

கப்பலூரான்:
அந்த மகான் நான்தான். நட்டுக்கு இரண்டு பக்கமும் காது வைத்திருப்பதே விரலுக்காகத்தான். ஸ்பேனர் போட்டால் ரப்பர் கிழியும், மெல்லிய பைப்பாக இருந்தால் விரிசலும் விடும். அப்புறம் பைப் கம்பெனியைத் திட்டுவீர்கள்.

வில்லாபுரம் பிளம்பர்:
சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ பிரஷர் ஏற்றினால் கை இறுக்கம் நிற்குமா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஊமச்சிகுளம் சைட்:
டிரெயினுக்கு ஆறு கிலோ எதற்கு அண்ணே? ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துவோம். 3 மீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ. நாலு இன்ச் என்று நாம் சொல்லும் 110 எம்எம் பைப்பில் பிளக்கை மொத்தமாகத் தள்ளுவது சுமார் 25 கிலோ. உங்கள் ஆறு கிலோவை அதே பைப்பில் வைத்தால் 500 கிலோவுக்கு மேல் தள்ளும். பின்னால் முட்டுக் கொடுக்காமல் யாரும் எதிரே நிற்கக்கூடாது. இன்னொன்று, 110 என்பது வெளி அளவு. ஏ டைப் பைப்பின் கனம் 2.2 எம்எம், பி டைப் 3.2 எம்எம். உள் அளவில் 2 எம்எம் வித்தியாசம் வரும். அதை அளந்து, பிளக் எவ்வளவு விரியும் என்று பார்த்து வாங்குங்கள். கையா ஸ்பேனரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வில்லாபுரம் பிளம்பர்:
எக்செல் ஷீட்டில் தண்ணீர் ஒழுகாது தம்பி. வீட்டுக்குள் தண்ணீர் வரும் அரை இன்ச் சிபிவிசி பிளாஸ்டிக் லைனில் ஆறு கிலோ ஏற்றி, விடியும்வரை கேஜ் முள் அசையாமல் காட்டியவன் நான். எல்லாம் ஸ்பேனர் வேலை.

ஊமச்சிகுளம் சைட்:
அரை இன்ச்சில் அதே ஆறு கிலோ பத்துக் கிலோ அளவுக்குக்கூடத் தள்ளாது. அதுவும் நீங்கள் போட்டது மரையில் திருகி ஏற்றுகிற மரை பிளக். அதில் விங் நட்டே கிடையாதே!

கப்பலூரான்:
இல்லாத நட்டுக்கு ஸ்பேனர் போட்ட ஒரே ஆள் அண்ணன்தான். 😂

வில்லாபுரம் பிளம்பர்:
சிரிக்கிற ஆள் முதலில் என்னிடம் இரவல் வாங்கிப் போன, டெஸ்டுக்குப் பிரஷர் ஏற்றும் ஹேண்ட் பம்புக்குப் பதில் சொல்லட்டும். ஹோஸ் இல்லாமல் திரும்பி வந்தது.

மேலூர் மாப்ள:
இந்தக் கோடையில் தண்ணீர் எதற்கு? கம்ப்ரசர் காற்று வைத்தால் வேலை சுலபம்.

ஊமச்சிகுளம் சைட்:
தயவுசெய்து வேண்டாம். காற்று அமுங்கி நிற்கும். பிவிசி உடைந்தால் சில்லு சில்லாகப் பறக்கும், பிளக்கும் குண்டு மாதிரி வரும். தண்ணீர் என்றால் கசிந்ததும் பிரஷர் இறங்கிவிடும்.

மேலூர் மாப்ள:
டேங்கர் லாரிக் காசை நீங்கள் கொடுப்பீர்களா?

கப்பலூரான்:
ரப்பரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஹோட்டல் கிச்சன் லைனை நாள்கணக்கில் அடைத்து வைக்க நைட்ரைல் ரப்பர் வேண்டும். ஈபிடிஎம் என்கிற ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். வில்லாபுரத்தாருக்கு இதெல்லாம் தெரியாது.

வில்லாபுரம் பிளம்பர்:
நீ பிறப்பதற்கு முன்பே ஹோட்டல் லைன் போட்டவன்டா நான். ரப்பர் எதுவானாலும் இறுக்குவது ஸ்பேனர். பேச்சை மாற்றாதே, ஹோஸ் எங்கே?

கப்பலூரான்:
நீங்கள் கொடுக்கும்போதே ஹோஸ் ஓட்டை. டேப் சுற்றியிருந்தீர்கள்.

வில்லாபுரம் பிளம்பர்:
டேப் சுற்றினது பம்ப் கைப்பிடியில்! பொய் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை கப்பலூர் வருகிறேன், ஸ்பேனரோடு.