முடக்குவாத மருந்தால் சர்க்கரையும் குறைய வேண்டாமா?

மீனா, கரூர்:
அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. சென்ற ஆண்டு விரல் மூட்டுகள் வீங்கி, முடக்குவாதம் என்று உறுதியானது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட். இடையில் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். இப்போது ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 32-லிருந்து 5-க்கு வந்துவிட்டது. ஜாக்கெட் கொக்கியைத் தானே மாட்டிக்கொள்கிறார். ஆனால் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2-ஐ விட்டு நகரவில்லை. சர்க்கரைக்கும் அழற்சிதான் காரணம் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்களே, அழற்சி அடங்கினால் சர்க்கரையும் இறங்க வேண்டாமா?

முருகேசன்:
சகோதரி, வெறும் வயிற்றில் மஞ்சள் காப்ஸ்யூல் கொடுங்கள். எல்லா அழற்சிக்கும் அது ஒன்றே போதும்.

ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்:
முருகேசன், மஞ்சள் ரசத்தில் இருக்கட்டும். மெத்தோட்ரெக்ஸேட்டே கல்லீரலைச் சீண்டக்கூடியது. காப்ஸ்யூலையும் சேர்த்த பிறகு என்சைம் ஏறினால் பழியை எதன்மீது போடுவீர்கள்?

மீனா, இதே ஆசை ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. 1992-இல் லண்டனில் ஃபெல்ட்மனும் மைனியும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குச் செலுத்த, வீக்கம் வடிந்தது. மறு ஆண்டே பாஸ்டனில் ஹோட்டமிஸ்லிகிலும் ஸ்பீகல்மேனும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு அதே புரதத்தைச் சுரப்பதைக் காட்டினார்கள். தடுத்தபோது எலிகளிடம் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ஒரே ஊசியில் இரண்டு நோயும் தீரும் என்று யாருக்குத்தான் தோன்றாது? 1996-இல் சர்க்கரை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். இன்சுலின் செயல்பாடு அசையவில்லை.

அம்மா சாப்பிடும் மருந்தையும் விட்டுவைக்கவில்லை. சிர்ட் என்ற ஆய்வில் 4,786 பேர். எல்லோரும் இதய நோயாளிகள், கூடவே சர்க்கரை நோயோ வளர்சிதை மாற்றக் கோளாறோ உள்ளவர்கள். 2018-இல் முடிவு வந்தது. குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட்டால் மாரடைப்பு குறையவில்லை, சிஆர்பிகூட இறங்கவில்லை! அம்மாவுக்கு 32-ஐ 5 ஆக்கிய அதே மருந்துதான். மூட்டில் நோய் எதிர்ப்பு அணுக்கள் தம் உடலையே தாக்குகின்றன. கொழுப்புத் திசுவில் நடப்பது மந்தமான அழற்சி. மிகையாகச் சேர்ந்த கொழுப்பு அதைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. சிஆர்பி இரண்டிலும் ஏறும்; எந்தப் பாதையை அடைக்க வேண்டும் என்று அது சொல்லாது.

இன்டர்லூகின்-1 என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தின் பாதையை அடைத்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் கிடைத்தது. அதை அடைக்கும் அனகின்ரா என்ற மருந்தை வைத்து 2007-இல் 70 பேரிடம் நடந்த ஆய்வில், 13 வாரங்களில் ஹெச்பிஏ1சி போலி மருந்துக் குழுவைவிட 0.46 குறைந்தது. தினமும் ஊசி, கிடைத்தது அவ்வளவுதான். அதே பாதையை அடைக்கும் வேறொரு மருந்தை 10,061 இதய நோயாளிகளிடம் சோதித்த கேன்டோஸ் ஆய்வில் (2017) மாரடைப்பு குறைந்தது, புதிதாகச் சர்க்கரை வருவது குறையவில்லை, உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின.

ஸ்டீராய்டு எப்போது நின்றது? அது அழற்சியை அடக்கும், சர்க்கரையை ஏற்றும். ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரி என்பதால் அதன் சுவடு இன்னும் இருக்கலாம்.

மீனா, கரூர்:
போன மாதம்தான் நிறுத்தினார்கள், ஐயா. யாரும் இதைச் சொல்லவில்லை.

தேன்மொழி, மருந்தாளுநர்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள், ஐயா. ஹைட்ராக்சிகுளோரோகுயின் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது. இந்தியாவில் சர்க்கரைக்குக் கூடுதல் மருந்தாகவும் அனுமதி உண்டு.

ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்:
உண்மைதான். ஆனால் அது சர்க்கரையைக் குறைப்பது அழற்சியை அடக்கி மட்டுமல்ல. இன்சுலின் உடலில் சிதைவதையும் தாமதப்படுத்துகிறது. மீனா, மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். விழித்திரைப் பரிசோதனை வேண்டும். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரானால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடவும் கூடும். ஹெச்பிஏ1சியை இன்னும் இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.