சில்வர்புளூவில் டெவலப்மென்ட் கருவிகளை எங்கே போடுவது?

பனங்கிழங்கு:
ஃபெடோரா சில்வர்புளூவுக்கு (அடிப்படை சிஸ்டத்தை நேரடியாக மாற்ற முடியாத லினக்ஸ்) வந்து மூன்று வாரம். ஜிசிசி, நோட், பைதான் ஹெடர் என்று எது தேவைப்பட்டாலும் ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ இன்ஸ்டால் கொடுத்து (சிஸ்டம் இமேஜின் மேல் லேயராகப் போடுவது) ரீபூட் செய்து, இப்போது ஒரு அப்டேட் முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எல்லாவற்றையும் கண்டெய்னரில், அதாவது சிஸ்டத்துக்கு வெளியே ஒரு தனிப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். போட்டால் என் ஃபைல்கள், எடிட்டர் எல்லாம் என்னாகும்? ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வேறு யூஎஸ்பியில் இருக்கிறது.

கரிசல்காடு:
லேயர் போட்ட பேக்கேஜ்களை ஒவ்வொரு அப்டேட்டிலும் புது இமேஜின் மேல் திரும்பப் போட வேண்டும், இழுக்கத்தான் செய்யும். டூல்பாக்ஸ் கிரியேட் கொடுத்தால் ஒரு பெட்டி வரும், டூல்பாக்ஸ் என்டர் கொடுத்து உள்ளே போங்கள், அப்புறம் வழக்கம்போல டிஎன்எஃப் இன்ஸ்டால். உங்கள் ஹோம் ஃபோல்டர் அப்படியே உள்ளே தெரியும். நெட்வொர்க்கும் ஹோஸ்டுடையதே (வெளியே இருக்கும் நிஜ சிஸ்டம்), உள்ளே 8000 போர்ட்டில் சர்வர் ஓடினால் வெளியே பிரவுசரில் நேராகத் திறக்கும். சொதப்பினால் அழித்துவிட்டு இன்னொன்று.

எட்டாம்நம்பர்:
ஹோம் அப்படியே தெரிவதுதான் சிக்கலும். இது பாதுகாப்பு வேலி இல்லை, உள்ளே ஆர்எம் கொடுத்தால் நிஜ ஃபைல் போய்விடும். நான் ஃபெடோரா பெட்டியில் கார்கோ (ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவி) மூலம் இன்ஸ்டால் செய்த ஒரு கருவி பழைய உபுண்டு பெட்டியில் தேவையான ஜிலிப்சி (சி லைப்ரரி) வெர்ஷன் இல்லை என்று நின்றுவிட்டது. இரண்டுக்கும் ஒரே ஹோம், ஒரே கார்கோ ஃபோல்டர், இது புரிய எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. டிஸ்ட்ரோபாக்ஸ் (டூல்பாக்ஸ் மாதிரி இன்னொரு கருவி) என்றால் உருவாக்கும்போதே ஹைஃபன் ஹைஃபன் ஹோம் கொடுத்து, பெட்டிக்கு ஒரு ஹோம் ஒதுக்கலாம்.

மழைக்குறி:
ஃப்ளாட்பேக்காக (தனியாக அடைத்து வரும் ஆப்) போட்ட எடிட்டரின் டெர்மினலுக்கு உங்கள் பெட்டியில் இருக்கும் கம்பைலர் தெரியாது. எடிட்டரையும் பெட்டிக்குள்ளேயே போட்டு டிஸ்ட்ரோபாக்ஸ்-எக்ஸ்போர்ட் கொடுங்கள், மெனுவில் சாதாரண ஆப் மாதிரி வந்துவிடும். போர்டுக்கு யூடெவ் ரூல் (சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்வது) ஹோஸ்டில் எழுத வேண்டும், பெட்டிக்குள் எழுதிப் பயனில்லை. ஈடிசி ஃபோல்டரில் எழுத முடியும், பயம் வேண்டாம். டயல்அவுட் குரூப்பில் (சீரியல் போர்ட்டுக்கு அனுமதி தருவது) சேரப் போகாதீர்கள்: சில்வர்புளூவில் அந்தக் குரூப் யுஎஸ்ஆர் லிப் பக்கம் இருக்கும் குரூப் ஃபைலில் உட்கார்ந்திருக்கும், குரூப்பில் சேர்க்கும் யூசர்மாட் கமாண்ட் முரண்டு பிடிக்கும். ரூலில் யூஆக்சஸ் டேக் (லாகின் செய்திருப்பவருக்கு அனுமதி தருவது) போதும், ஆனால் ஃபைல் பெயர் 73க்குக் குறைந்த எண்ணில் தொடங்க வேண்டும், 70 என்று வையுங்கள். 99 என்று வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

பனங்கிழங்கு:
நானும் 99தான் வைத்திருந்தேன்! மாற்றி, போர்டைக் கழற்றிச் சொருகினேன், உள்ளிருந்தே ஃபிளாஷ் ஆகிறது. லேயர்களை எல்லாம் ரீசெட் கொடுத்து எடுத்துவிட்டேன். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸையும் இதே பெட்டியில் போடலாமா?

கரிசல்காடு:
வேண்டாம் ப்ரோ. டூல்பாக்ஸுக்குள் சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தானாகக் கிளப்புவது) ஓடாது, சர்வீஸைக் கையால் கிளப்பிக்கொண்டிருக்க வேண்டும். பாட்மேனில் (கண்டெய்னர் ஓட்டும் கருவி) தனிக் கண்டெய்னர், டேட்டாவுக்கு ஒரு வால்யூம். பெட்டியை அழித்தாலும் டேட்டாபேஸ் அது பாட்டுக்கு இருக்கும்.