மறு: ஃபிளேக்கி டெஸ்டுக்குத் தமிழ்ச்சொல்: "தடுமாறும் சோதனை" சரிவருமா?

வணக்கம். கோடு எதுவும் மாறாமலே ஒரு முறை வென்று, இன்னொரு முறை தோற்கும் டெஸ்டைத்தான் ஃபிளேக்கி டெஸ்ட் என்கிறோம். நம் சொற்பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் வேண்டும்.

> "நிலையற்ற சோதனை" என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியுமே.

புரியும்தான், ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ஸ்டேட்லெஸ் (முன்பு நடந்ததைத் தன்னிடம் நினைவில் வைக்காதது) என்பதை "நிலையற்ற" என்று பலரும் எழுதுகிறோம். டிஎல்எஸ் (இணையத் தொடர்பை மறையாக்கிப் பாதுகாக்கும் நெறிமுறை) பக்கம் வந்தால், சர்வர் தன்னிடம் எதையும் சேமிக்காமல் கிளையன்டிடமே கொடுத்துவைக்கும் செஷன் டிக்கெட்டும் (பழைய தொடர்பை மீண்டும் தொடர உதவும் சீட்டு) அந்த வகைதான். அப்புறம் "நிலையற்ற டிக்கெட்டுக்கான நிலையற்ற சோதனை" என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? "ஊசலாடும்" என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஊசல் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடலாம். இந்த டெஸ்டுகளின் தொல்லையே அதைச் சொல்ல முடியாததுதான்.

அதனால்தான் "தடுமாறும் சோதனை". கமிட் குறிப்பில் (கோடு மாற்றத்தோடு எழுதும் குறிப்பு) எழுதிப் பாருங்கள்: "கைகுலுக்கல் சோதனை தடுமாறுகிறது", "தடுமாற்றத்தின் காரணம் நீக்கப்பட்டது". (கைகுலுக்கல் என்பது ஹேண்ட்ஷேக், தொடர்பைத் தொடங்கும்போது இரு பக்கமும் செய்துகொள்ளும் செய்திப் பரிமாற்றம்.) வினையாகவும் பெயராகவும் வளைகிற சொல்லைத்தான் ஆட்கள் தொடர்ந்து பயன்படுத்துவார்கள்.

> எப்படியும் நேரம்தான் காரணம், "நேரப்பிழைச் சோதனை" என்றால் இன்னும் தெளிவு.

இதை நான் கடுமையாக மறுக்கிறேன். நேரம் என்று பெயர் வைத்தால், நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும், ஸ்லீப்பை (டெஸ்டைக் குறிப்பிட்ட நேரம் சும்மா நிறுத்திவைக்கும் கட்டளை) அரை விநாடியிலிருந்து இரண்டாக்குவார்கள், தோல்வி அரிதாகுமே தவிரப் போகாது. உண்மையான காரணம் பெரும்பாலும் வரிசை, அதாவது எது முதலில் நடக்கும் என்று யாரும் உறுதிசெய்யாமல் விட்டது.

ஓர் உதாரணம். கிளையன்ட் சான்றிதழ் இல்லாமல் வந்தால் சர்வர் மறுக்க வேண்டும் என்று ஒரு டெஸ்ட். டிஎல்எஸ் 1.2-இல் முழுக் கைகுலுக்கல் நடந்தால், சர்வர் சரிபார்த்துத் தன் கடைசிச் செய்தியை அனுப்பிய பிறகே கிளையன்ட் பக்கம் கைகுலுக்கல் முடியும், ஆக மறுப்பும் அங்கேயே தெரிந்துவிடும். 2018-இல் வந்த 1.3-இல் கிளையன்ட் தன் கடைசிச் செய்தியை அனுப்பியவுடனே அதன் பக்கம் வேலை முடிந்தது. சர்வர் மறுப்பது அதற்குப் பிறகுதான், அதைச் சொல்லும் அலர்ட் (டிஎல்எஸ் பிழைச்செய்தி) கிளையன்ட் அடுத்து படிக்கும்போதுதான் தெரியவரும். இதற்குள் கிளையன்ட் தரவை எழுதிவிட்டு, சர்வர் அதைப் படிக்காமலே சாக்கெட்டை (தொடர்பின் தன் முனையை) மூடினால் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) ரீசெட், அதாவது தொடர்பை முறிக்கும் செய்தி, அனுப்பும். அப்போது ஒரு ஓட்டத்தில் டிஎல்எஸ் அலர்ட் கிடைக்கும், இன்னொன்றில் கனெக்‌ஷன் ரீசெட், வேறொன்றில் எழுதும் இடத்திலேயே பிழை. இங்கே ஸ்லீப் என்ன உதவும்? சர்வர் மூடுவதற்கு முன் எதிர்முனை முடிக்கும்வரை படித்துத் தீர்க்கட்டும், அல்லது கிளையன்ட் எதையும் எழுதாமல் முதலில் படிக்கட்டும். வரிசை உறுதியானால் தடுமாற்றம் நின்றுவிடும்.

சாக்கெட்டில் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும் போல் (poll) அழைப்பை நம்பி எழுதிய டெஸ்டுகளிலும் இதே கதை: 1.3-இல் கைகுலுக்கலுக்குப் பின்னால் வரும் செஷன் டிக்கெட்டைப் பார்த்து "படிக்கத் தரவு இருக்கிறது" என்று அது சொல்லும், படிக்கப்போனால் பயனர் தரவு ஒன்றும் இருக்காது. நேர்மாறாகவும் நடக்கும், 16384 பைட் வரை உள்ள ஒரு ரெக்கார்டை (டிஎல்எஸ் தரவை அனுப்பும் பொட்டலம்) டிஎல்எஸ் நூலகம் முழுதாக அவிழ்த்து உள்ளே வைத்திருக்கும், சாக்கெட்டோ காலி என்று சொல்லும்.

ஆகவே ரேஸ் கண்டிஷனுக்குத் தனிச்சொல் வேண்டும். "பந்தய நிலை" சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, இங்கே யாரும் பந்தயம் ஓடவில்லை. "முந்தல் சிக்கல்" என்று வைக்கலாமா? எது முந்தும் என்று தெரியாததால் வரும் சிக்கல். தடுமாற்றம் வெளியே தெரியும் அறிகுறி, முந்தல் சிக்கல் அதன் காரணங்களில் ஒன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

> டைம்அவுட் = காலாவதி, இதில் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. சான்றிதழும் காலாவதியாகும். டெஸ்டுக்காகக் கோப்பாகச் சேர்த்துவைத்த சான்றிதழ் நாள் கடந்தால் அன்றிலிருந்து அந்த டெஸ்ட் ஒவ்வொரு முறையும் தோற்கும், அது தடுமாற்றமே இல்லை. லாகில் வெறும் "காலாவதி" என்றிருந்தால் எதைத் தேடுவது? டைம்அவுட்டுக்குக் "காத்திருப்பு வரம்பு" என்கிறேன். நீளம்தான், ஆனால் ஸ்லீப்பிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது: சர்வர் த்ரெட் "தயார்" என்று அறிவித்த அந்தக் கணமே டெஸ்ட் நகர்ந்துவிடும், வரம்பு 30 விநாடி என்றாலும் வேகமான கணினியில் ஒரு விநாடிகூட வீணாகாது. (அந்த வரம்பை, முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரத்தில் அளக்க வேண்டும், கணினி நேரத்தை யாராவது நடுவில் திருத்தினாலும் பாதிக்காது.)

"தடுமாறும் சோதனை", "காத்திருப்பு வரம்பு" இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். "முந்தல் சிக்கல்" மட்டும் இன்னும் கொஞ்சம் விவாதிக்க வேண்டியது. டேட்டாபேஸ் பக்கம் வேலை செய்பவர்கள் அங்கே பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.