குரூஸ் கொன்ட்ரோல்: இறக்கத்தில் வேகம் ஏன் கூடுகிறது?

கேள்வி (செங்கலடி வாசகர்):
அண்மையில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார் ஒன்றை வாங்கினேன். செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் ஏ5 வீதியில் குரூஸ் கொன்ட்ரோலை (அக்சிலரேட்டரை மிதிக்காமலே, குறித்த வேகத்தில் காரை ஓடவைக்கும் அமைப்பு) மணிக்கு 60 கிலோமீற்றரில் வைத்தால், ஏற்றத்தில் வேகம் சற்றுத் தளர்ந்து மீண்டும் 60க்கு வந்துவிடுகிறது. ஆனால் இறக்கத்தில் 70ஐயும் தாண்டுகிறது. இது பழுதா, அல்லது அதன் இயல்பே இதுதானா?

பதில் 1 (கல்முனை, வாகன மின்னியல் வேலை செய்பவர்):
வணக்கம் ஐயா. இது பழுதன்று. சில்லு அல்லது கியர்பெட்டியில் உள்ள உணரி அறிவிக்கும் வேகத்தை, நீங்கள் குறித்த வேகத்துடன் கணினி இடைவிடாது ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப, எஞ்சினுக்குக் காற்றை விடும் திரொட்டில் வால்வை ஒரு சிறு மோட்டரால் திறக்கவோ மூடவோ செய்கிறது. அந்தக் கணத்து வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் நீண்ட ஏற்றத்தில் வண்டி 60க்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும் என்பதால், குறைவு எவ்வளவு நேரமாகத் தொடர்கிறது என்பதையும், வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் அது சேர்த்தே கணக்கிடுகிறது. நீங்கள் கண்ட தளர்வும் மீட்சியும் இந்தக் கணக்கின் விளைவுதான்.

இறக்கத்தில் வால்வை முழுதாக மூடிவிட்ட பின் சாதாரண அமைப்பிடம் வேறு ஆயுதம் இல்லை. பிரேக்கைத் தானாகப் பிடிப்பவை, முன்னால் செல்லும் வாகனத்தை ராடாரால் பார்க்கும் புதிய வகைகளும் வேறு சில வண்டிகளுமே. நீங்கள் குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அந்த வீதியில் வளைவுகள் நிறைந்த லுணுகலைப் பக்கத்தில் குரூஸ் கொன்ட்ரோலைப் பயன்படுத்தவே வேண்டாம்.

பதில் 2 (அக்கரைப்பற்று):
ஒரு வரலாற்றுச் செய்தி: இந்தக் கருவிக்கு 1950இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் டீட்டர், சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். காரை ஓட்டிய அவருடைய வழக்கறிஞர் பேசும்போது வேகத்தைக் குறைத்தும் கேட்கும்போது கூட்டியும் சென்றதால் எழுந்த எரிச்சலே இதற்குத் தூண்டுதல் என்பார்கள். 1958இல் கிறைஸ்லர் கார்களில் வந்தது.

செங்கலடி வாசகர்:
மிக்க நன்றி. பிரேக்கைத் தொட்டால் குறித்த வேகம் அழிந்துவிடுமா?

பதில் 1:
அழியாது ஐயா, கட்டுப்பாடு மட்டுமே விடுபடும். மீளத்தொடங்கும் பொத்தானை அழுத்தினால் பழைய வேகத்துக்கே திரும்பும். ஆனால் மாரிமழையில் குரூஸ் கொன்ட்ரோலையே தொடாதீர்கள்: வீதியில் தேங்கிய நீர் வண்டியை இழுத்துத் தாமதிக்கும்போது, காரணம் அறியாத கணினி திரொட்டிலைத் திறக்க, பிடிமானம் இழந்த சில்லு வழுக்கிச் சுழலக்கூடும்.