யமுனா, ஆன் எலியட் போல இன்னும் யார் யார்?

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’ யமுனாவிடம் என்னையே பார்க்கிறேன். வரன்கள் வந்து வந்து தட்டிப்போவது எனக்கும் நடப்பதுதான். வளவில் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், அப்பத்தா வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு என் முகத்தையே பார்க்கும்.

அப்புறம் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’. 19 வயதில் பிறர் சொல் கேட்டுக் காதலை விட்ட ஆன் எலியட், 27 வயதில் தானே முடிவெடுக்கிறாள். அந்த நிதானம் எனக்கும் வேண்டும்.

முப்பதைத் தாண்டிய நாயகிகள் வரும் பழைய நாவல்களைச் சொல்லுங்களேன். தமிழ் என்றால் ரொம்ப நல்லது, மொழிபெயர்ப்பும் சரி. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ கங்காவைப் படித்தாயிற்று. அச்சில் இல்லாததென்றால் இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்? கோட்டையூர் ரோஜா முத்தையாவின் பழைய புத்தகச் சேகரிப்பும் சென்னைக்குப் போய்விட்டதே.